யாரும் தொடாத ஏணி

விசைப் பாடத்தை முதல் முறையாக நடத்தப்போகிற தம்பிகளே, தங்கைகளே, உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை கட்டாயம் இதைக் கேட்கும்: “சுவர் தள்ளுமா டீச்சர்?” கேட்டுவிட்டுச் சிரிக்கும். கூடவே வகுப்பும் சிரிக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டு உங்களுக்குக் கோபம் வந்துவிட்டால், பாடம் அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. மாடு இழுக்கும், ஆள் தள்ளுவான், காற்று அடிக்கும். சுவர் என்ன செய்யும்? சும்மா நிற்கும். சும்மா நிற்கிற ஒன்று எப்படித் தள்ளும்? பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விசை என்றால் ஒருவனுக்குள்ளே இருக்கிற பலம். பயில்வானிடம் நிறைய இருக்கும், நோஞ்சானிடம் கொஞ்சம் இருக்கும், சுவரிடம் அறவே இருக்காது. நாம் சொல்லவேண்டியதோ இதற்கு நேர் மாறானது. விசை யாருக்குள்ளும் இல்லை. இரண்டு பொருள்களுக்கு நடுவில்தான் அது உண்டாகிறது. நீ சுவரைத் தள்ளினால் அந்தக் கணமே சுவர் உன்னைத் தள்ளுகிறது. கையை எடுத்துவிட்டால் இரண்டு தள்ளலும் ஒன்றாக இல்லாமல் போகின்றன. ஒன்று மட்டும் தனியாக மிஞ்சுவதே கிடையாது.

இதைச் சொல்வது சுலபம். நம்ப வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் வகுப்பில் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு வீட்டு வாசலில் கற்றுக்கொண்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எழுபதுகளின் பின்பாதி. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரை மேலேயே நடந்தால் வரும் ஊர். அங்கே நடுநிலைப் பள்ளியில் வேலை. நான் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. பள்ளி இறுதி வகுப்பு, அதன்மேல் ஆசிரியப் பயிற்சி, அவ்வளவுதான். அறிவியலை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. முதல் நாள் மாலை நானே படிப்பேன். அறையில் இருக்கிற செம்பு, கயிறு, சீப்பு இவற்றை வைத்து நானே செய்து பார்ப்பேன். புரிந்ததை மறுநாள் பிள்ளைகளுக்குச் சொல்வேன். புரியாததையும் சொல்வேன், புரியவில்லை என்று.

ஊரில் ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டில் எனக்கு ஒரே ஓர் அறை. சொந்த ஊர் விருத்தாசலம் பக்கம், போய்வர ஒரு நாள் ஆகும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பதை ஊர்ப் பெண்கள் முதல் மாதத்திலேயே கேட்டு முடித்துவிட்டார்கள். அதன்பிறகு அடிபம்பில் தண்ணீர் பிடிக்கப் போனால், “இன்னா டீச்சரம்மா, சோறாக்கிட்டீங்களா?” என்று மட்டும் கேட்பார்கள். எனக்கு அது போதும். ஒருத்திக்காக ஆக்குகிற சோற்றை ஒருவர் விசாரித்தால், அது ரெண்டு பேருக்கு ஆக்கின மாதிரி.

அந்த ஊர்ப் பேச்சு எனக்குப் பிடித்துப்போயிற்று. யாராவது செத்துப்போனால் “பூட்டாரு” என்பார்கள். போய்விட்டார் என்பதுதான் அப்படிச் சுருங்கியிருக்கிறது. ஆனால் எனக்கு முதலில் வேறு விதமாகக் கேட்டது, கதவைப் பூட்டிக்கொண்டு போனவரைப் பற்றிச் சொல்வதைப் போல. இப்படி ஒவ்வொரு சொல்லையும் காதில் வாங்கி, அறைக்கு வந்து எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன். அறையில் வேறு யாரிடம் சொல்வது?

சொற்களை அவ்வளவு ரசித்தவள், என் வாயிலிருந்து போன ஒரு சொல் ஊருக்குள் என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை.

ஏழாம் வகுப்பில் விசைப் பாடம். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக நிற்கவைத்து, உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துத் தள்ளச் சொன்னேன். யார் தள்ளினாலும் இரண்டு கையும் அழுந்தும், பாருங்கள் என்று சொல்வதற்காக. கூச்சலும் சிரிப்புமாக எல்லாரும் தள்ளினார்கள். ஒரு ஜோடி மட்டும் கையைத் தூக்கியபடி, நடுவில் விரல் அளவு காற்றை விட்டுவிட்டு நின்றது. ஒருத்தி ஊர்த்தெரு, இன்னொருத்தி காலனி. பலகையில் ‘தொடு விசை’ என்று கொட்டை எழுத்தில் நான்தான் எழுதியிருந்தேன். அந்தச் சொல்லைச் சும்மா எழுதிவிட்டுப் போக முடியாத நாடு இது என்பது அப்போதுதான் உறைத்தது. நான் நடுவில் போய் நின்று ஆளுக்கொரு கை கொடுத்தேன். அன்று என்னால் முடிந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஊரில் என் உள்ளங்கையில் இன்னொரு கை பட ரொம்ப நாளாயிற்று.

அடுத்து காந்தம். இரண்டு காந்தக் கட்டைகளை ஒரே முனை எதிரெதிராக வரும்படி மேசைமேல் நகர்த்தினேன். கிட்டே வந்ததும் ஒன்று விலகி ஓடியது. “ஐய, தொடாமலே தள்ளுது!” என்று பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். ஏரிக்கரை மணலில் காந்தத்தை ஓட்டி நான் சேர்த்துவைத்திருந்த கருந்தூளைக் காகிதத்தில் கொட்டி, அடியில் காந்தத்தைப் பிடித்ததும் அது மயிர் சிலிர்த்த மாதிரி நிற்பதையும் காட்டினேன். பள்ளியில் பூட்டுப் போட்ட அலமாரி கிடையாது. அதனால் காந்தம், கருந்தூள், ஊசிகள் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அறைக்கே கொண்டுபோய்விடுவேன்.

கடைசியில் பலகையில் எழுதினேன்: ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு. பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள். பள்ளி சாலையோரம். நடவுக்குப் போகிற பெண்கள் காதிலும் விழுந்திருக்கும். போதாததற்குப் பிள்ளைகள் வீட்டில் போய் ஒப்பித்திருக்கிறார்கள்.

அந்த வாரமே அடிபம்பில் பேச்சு நின்றது. நான் போனால் குடங்கள் விலகும். சோறாக்கியாச்சா என்று யாரும் கேட்கவில்லை. பால் ஊற்றுகிற அம்மா என் பாத்திரத்தைத் தொடாமல், உயரத் தூக்கி ஊற்ற ஆரம்பித்தார். வீட்டுக்காரம்மா முன்கட்டுக்கும் என் அறைக்கும் நடுவில் இருந்த கதவின்மேல் வேப்பிலை செருகி வைத்தார். நான் என்ன தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை. கேட்கலாம் என்றால் எதிரே நிற்க ஆள் இல்லை. பேச்சு என்பதும் விசை மாதிரிதான் போலிருக்கிறது. எதிரே ஒருவர் வேண்டியிருக்கிறது.

விஷயத்தைச் சொன்னவர் தலைமையாசிரியர். ஓய்வு பெறப்போகிற வயது, எதற்கும் பதறாதவர். “ஏம்மா, நீங்க எதிர்வினை எடுக்கிறீங்களாமே? எனக்கும் முதுகுல ஒரு குத்து ரொம்ப நாளா கீது, பாத்துச் சொல்லுங்க” என்றார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவரே சொன்னார். வேண்டாதவர்கள் வைப்பது செய்வினை. அதை வைத்தவருக்கே திருப்பி அனுப்புவது எதிர்வினை. புது டீச்சர் எதிர்வினையைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தருகிறாள், தொடாமலே தள்ளுகிற கட்டையும் கறுப்பு மையும் ஊசியும் டப்பாவில் வைத்திருக்கிறாள், தனியாக வேறு இருக்கிறாள். ஊர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டது.

வீடு வீடாகப் போய் விளக்கிச் சொல்லட்டுமா என்று கேட்டேன். “மறுக்க மறுக்கத்தான் நம்புவாங்க. பாடத்த மாத்தாதீங்க, சொல்ல மாத்துங்க. அப்பால பொறுங்க” என்றார்.

பொறுத்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பின்பக்கக் கதவு லேசாகத் தட்டப்பட்டது. கதவைத் திறந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போது சொன்னால் வெட்கமாக இருக்கும். யாராக இருந்தாலும் சரி, ஒரு ஆள்.

கன்னியம்மா. என் வகுப்பில் படிக்கிற தேவகியின் அம்மா. முந்தானைக்குள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தார். அது அசைந்தது.

“உள்ள என்னம்மா?”

“கோயி.”

“கோழி எதுக்கு?”

“கறுப்பு தான் தேடி இட்டாந்தேன். ஒரு ரெக்க கூட வெள்ள கெடையாது. நல்லா பாத்துக்கோங்க.” கோழியைத் தரையில் வைத்தார். கால் கட்டியிருந்தது. அது என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. “எங்க வூட்டுக்காரு கால் ஒடஞ்சி கெடக்குறாரு டீச்சரம்மா. ஏணிலர்ந்து வியுந்துட்டாரு.”

“தேவகி சொன்னா. ஏணி சாஞ்சிடுச்சா?”

“சாயல. நகந்துச்சி.” குரலைத் தாழ்த்தினார். “தானா நகந்துச்சி. யாரும் தொடல. மய வர்றதுக்கு முன்னாடி ஒடஞ்ச ஓடு மாத்தலாம்னு ஏறினாரு. நான் வாசப்படில உக்காந்து அரிசி பொடச்சிக்கினு கீறேன். என் கண்ணு முன்னாடியே ஏணிக் கால் அது பாட்டுக்கு நகந்துக்கினு போச்சி. தொடாம எப்டி நகரும்? நீங்களே சொல்லுங்க. எம் பொண்ணு சொல்லிச்சி, தொடாமலே தள்றது ஒண்ணு கீது, டீச்சரம்மா டப்பால வெச்சிக்கினு கீறாங்கன்னு.”

“சரி, யார் செஞ்சதுன்னு நெனைக்கிறீங்க?”

“வேற யாரு. எங்க ஓர்ப்படி தான்.”

ஓர்ப்படி என்றால் கணவனுடைய அண்ணன் மனைவி. பெயர் அலமேலு. அதே வீட்டில்தான் இருக்கிறார். “அவ புருசன் பூட்டாரு. புள்ள குட்டி கெடையாது. எங்கள பாத்தா வவுறு எரியுது. அன்னிக்கு வாசல்ல அந்தாண்ட மண்ணுல நின்னுக்கினு ஏணியையே மொறச்சி பாத்துக்கினு இருந்தா. அவ பாக்குறா, ஏணி நகருது. இதுக்கு மேல இன்னா வேணும்? அமாவாசைக்கு பங்காளிங்க வர்றாங்க. அவள வூட்ட வுட்டு அனுப்பிட்றதுன்னு பேசி வெச்சிக்கீது.”

“அனுப்பினா எங்க போவாங்க?”

“எங்கனா போவட்டும்.”

“தாய் வீடு?”

“அங்க யாரும் இல்ல. அதுக்கு நானா பொறுப்பு?” என்றவர், “அவ போறதுக்கு முன்னாடி நீங்க திருப்பி அனுப்பிடணும். சமமா. எம் பொண்ணு சொன்னாப்ல, கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்” என்றார்.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சிரிக்கலாம். சிரித்தால் கன்னியம்மா கோழியைத் தூக்கிக்கொண்டு, இதே தொழிலாக இருக்கிற வேறு ஒருவனைத் தேடிப் போவார். மூடநம்பிக்கை என்று பேசலாம். அதற்கும் அதே பதில்தான். சரி என்று தலையாட்டி ஏதாவது முணுமுணுத்து அனுப்பிவிடலாம். அப்போது அலமேலு வைத்தது உண்மை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். போக இடமில்லாத ஒரு பெண் தெருவில் நிற்பார். தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அந்த வாரங்களில் நன்றாகவே தெரிந்திருந்தது.

“எனக்கு மந்திரம் தெரியாதும்மா. ஏணி ஏன் நகர்ந்ததுன்னு பார்க்கத் தெரியும்.”

“ரெண்டும் ஒண்ணு தான டீச்சரம்மா?”

“இல்ல. மந்திரத்த அவங்களுக்குத் தெரியாம செய்யலாம். இதுக்கு அவங்களும் கூட இருக்கணும். உங்க ஓர்ப்படி இல்லாம நான் வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எதிரியை எதிரே நிறுத்திச் செய்கிற வித்தை பெரிய வித்தையாக இருக்கும் என்று பட்டதோ என்னவோ, ஒப்புக்கொண்டார். கோழியை விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் போனேன். கன்னியம்மாவின் கணவர் ஏழுமலை கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தார். முட்டிக்குக் கீழே புத்தூர்க் கட்டு. “வாங்க டீச்சரம்மா. எந்திரிச்சி நின்னு கும்புடலாம்னு தான் பாக்குறேன், கால் பேச்சு கேக்க மாட்டேங்குது.” நல்ல மனிதர். வலியிலும் சிரித்தார். அலமேலு மாட்டுக் கொட்டகைத் தூணை ஒட்டி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். மதில் மேலும் வேலி மேலும் அக்கம்பக்கத்துத் தலைகள்.

ஏணி விழுந்த இடத்திலேயே கிடந்தது. யாரும் தொடப் பயந்து, மேலே வேப்பிலைக் கொத்து போட்டிருந்தார்கள். மூங்கில் ஏணி, பழையது. வாசலைப் பார்த்தேன். பாதி மண், வீட்டை ஒட்டிய பாதி புதுச் சிமெண்ட். சிமெண்ட் கிடைப்பதே அரிதாக இருந்த காலம். கிடைத்த மூட்டைகளுக்குப் பாதி வாசல்தான் தேறியது என்றார் ஏழுமலை. ஆனால் அந்தப் பாதியைக் கொத்தனார் கண்ணாடி மாதிரி இழைத்திருந்தார். எனக்கு உள்ளூர நிம்மதியாகிவிட்டது. ஆகா, கண்டுபிடித்துவிட்டேன் என்று.

ஏணியைத் தூக்கி, அன்று வைத்திருந்த இடத்திலேயே, சிமெண்ட் தரையில் ஊன்றிச் சுவரில் சாய்த்தேன். “எப்ப நகர்ந்தது? ஏறினதுமா?” என்று கேட்டேன். “இல்ல டீச்சரம்மா, பாதி வரைக்கும் நல்லா தான் இருந்துச்சி. மேல போகப் போக தான் பேஜார் பண்ணிச்சி” என்றார். அதுவும் சரியாகவே இருந்தது. கிணற்று வாளியில் தண்ணீர் நிரப்பிக் கீழ்ப்படியில் மாட்டினேன். ஏணி நின்றது. வாளியைக் கழற்றி, என் கை எட்டும் மட்டும் மேலே உள்ள படியில் மாட்டிவிட்டுச் சட்டென்று விலகிக்கொண்டேன்.

ஏணியின் கால் ஒரு விரற்கடை நகர்ந்தது. நின்றது. பிறகு வழுக்கிக்கொண்டே போய்ப் படாரென்று விழுந்தது. வாளி உருண்டு, தண்ணீர் சிமெண்ட் முழுக்க ஓடியது.

“பாத்தீங்களா!” கன்னியம்மா அலறினார். “மறுபடியும் நகருது! யாரும் தொடல! டீச்சரம்மா கூட தொடல! எல்லாரும் பாத்தீங்களா!”

“ஆமாண்டி, தானா தான் போச்சி” என்று மதில் மேலிருந்து ஒரு குரல். “யம்மா, அது இன்னும் இங்க தான் கீது” என்று இன்னொரு குரல்.

நான் நினைத்தது என்ன, நடந்தது என்ன? தரை பிடிக்காவிட்டால் ஏணி நகரும் என்று காட்ட வந்தேன். யாரும் தொடாமலே நகரும் என்று ஊருக்கே காட்டிவிட்டேன். அலமேலு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டகைக்குள் திரும்பினார். துணியை மூட்டை கட்டத்தான் போகிறார் என்று எனக்குப் பட்டது.

அவசரமாக ஏணியை இழுத்துக்கொண்டுபோய் மண் தரையில் ஊன்றி, வாசலின் பக்கச் சுவரில் சாய்த்தேன். அதே வாளி, அதே படி. மூங்கில் முனை மண்ணில் கொஞ்சம் புதைந்தது. ஏணி அசையவில்லை. “பாருங்க, மண்ணு பிடிச்சுக்குது. சிமெண்ட் பிடிக்கல. அவ்வளவுதான்” என்றேன்.

“அங்க வினை வெக்கல, அதான்” என்றார் கன்னியம்மா.

சோதனை என்பது நீங்கள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். தரை ஏன் பிடிக்கவில்லை என்பது என் கேள்வி. என் புருசனை யார் தள்ளினார்கள் என்பது அவர் கேள்வி. நான் என் கேள்விக்கே மறுபடி மறுபடி பதில் காட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் பத்து வாளி மாட்டினாலும் அவர் கேள்விக்குப் பதில் வராது. வகுப்பிலும் இது நடக்கும். பிள்ளை உங்களோடு வாதாடுவது பிடிவாதத்தால் என்று நினைப்பீர்கள். அது வேறு எதையோ கேட்டுக்கொண்டிருக்கும்.

அப்போது எனக்குப் பாடத்தில் இல்லாத ஒரு கேள்வி வந்தது. ஏழுமலையிடம் கேட்டேன். “இத்தன வருஷமா இதே ஏணியில ஏறியிருக்கீங்களே. அப்பல்லாம் யாரும் தொடாமதான் ஏணி நின்னதா?”

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “இல்ல, அண்ணி புடிச்சிக்குவாங்க” என்றார். “அண்ணன் இருக்க சொல்லவே அண்ணி தான் கால முட்டுக் குடுத்து புடிச்சிக்குவாங்க. எங்க ரெண்டு பேருக்குமே. அன்னிக்கு தான்...”

“அன்னிக்கு?”

கன்னியம்மா தரையைப் பார்த்தார். கொட்டகைப் பக்கமிருந்து அலமேலுவின் குரல் வந்தது. நான் அதுவரை கேட்டிராத குரல், அவ்வளவு மெல்லியதாக.

“இவ தான் சிமெண்ட்ல கால் வெக்கக் கூடாதுன்னு சொன்னா. சாணி மிதிச்ச கால் பட்டா கறை ஆயிடுமாம். அதுக்கு ஒரு சண்ட. பேச்சு நின்னு போச்சி. நான் மண்ணுலயே நின்னேன். ஏணி ஆடறது எனக்குத் தெரிஞ்சிச்சி. கத்தலாம்னு வாயத் தொறந்தேன். பேச்சு வார்த்தையே இல்லியே, எப்டி கூப்புட்றதுன்னு ரோசன பண்ணேன். அதுக்குள்ள...”

மதில் மேலிருந்த தலைகள் கன்னியம்மா பக்கம் திரும்பின.

நான் ஏணியை எடுத்துவந்து மறுபடி சிமெண்ட் மேல் ஊன்றினேன். தண்ணீர் இன்னும் காயவில்லை. “இப்ப வந்து பிடிங்க” என்றேன். அலமேலு என்னைப் பார்க்கவில்லை. கன்னியம்மாவைப் பார்த்தார்.

“கால் கய்விக்கினு வரணுமா?”

கன்னியம்மா மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். “வேணாம்” என்றார்.

அலமேலு வந்தார். சிமெண்ட் விளிம்பில் ஒரு நொடி நின்று, பிறகு காலை வைத்தார். ஏணியின் ஒரு காலுக்குப் பாதத்தை முட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் கழிகளைப் பிடித்துக்கொண்டார். பழகிய கை, பழகிய கால். நான் வாளியை நிரப்பி மேல்படியில் மாட்டினேன். ஏணி முனகியது. நகரவில்லை.

“இங்க வாங்க கன்னியம்மா. மேல பார்க்காதீங்க. இவங்க கால் விரல பாருங்க.”

அவர் குனிந்தார். அலமேலுவின் பெருவிரல் மூங்கிலில் அழுந்தி, நகம் வெளுத்து, ஓரம் சிவந்திருந்தது.

“இவங்க ஏணிய தள்றாங்க. ஏணி இவங்கள தள்ளுது. அது தள்றது தெரியுதா? எவ்வளவு தள்றாங்களோ அவ்வளவே திருப்பித் தள்ளுது. நான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்த எதிர்வினை இதுதான். அன்னிக்கு இந்த இடத்துல யாரும் இல்ல. நீங்க சொன்னது சரிதான். யாரும் தொடல. அதனாலதான் நகர்ந்தது.”

அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

“நோவுதாக்கா?”

“நோவுது,” என்றார் அலமேலு. “எவ்ளோ நேரம் ஒருத்தியே புடிச்சிக்கினு நிக்கறது?”

கன்னியம்மா புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, ஏணியின் இன்னொரு காலுக்குத் தன் பாதத்தை வைத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஏணியைப் பார்த்தபடி நின்றார்கள். கட்டிலிலிருந்து ஏழுமலை, “புடிங்க புடிங்க, ஏறதுக்குத் தான் ஆளு இல்ல” என்றார். யாரோ சிரித்தார்கள். அலமேலுவும் சிரித்த மாதிரி இருந்தது. எனக்கு அங்கே அதற்குமேல் வேலை இல்லை. வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். நான் போவதை யாரும் கவனிக்கவில்லை. கிளம்புவதற்கு அதுதான் சரியான நேரம்.

அமாவாசைக்குப் பங்காளிகள் வந்தார்கள். சாப்பிட்டார்கள், ஏரிப் பாசனத்தைப் பற்றிப் பேசினார்கள், போனார்கள் என்று தேவகி சொன்னாள். யாரையும் அனுப்புகிற பேச்சு எடுக்கப்படவில்லை. அலமேலு அந்த வீட்டிலேயே இருந்தார். நான் அந்த ஊரை விட்டு மாற்றலாகிப் போகும்போதும் அங்கேதான் இருந்தார். அதற்காகக் கன்னியம்மா நிலைப்படியில் எலுமிச்சம்பழம் கட்டுவதை விட்டுவிடவில்லை. கட்டட்டும். ஒரு நாளில் ஒரு விரலைப் பார்க்க வைத்தால் போதும், ஒரு வாத்தியாரால் அதற்குமேல் ஆகாது.

ஆனால் ஊர் என்ன சொன்னது தெரியுமா? “டீச்சரம்மா வந்து எடுத்துட்டாங்க” என்றது. எதிரியை எதிரே நிறுத்தி, வாளித் தண்ணீரில் எடுத்தார்களாம். முன்பு சந்தேகம்தான் இருந்தது. இப்போது ருசுவாகிவிட்டது. அடிபம்பில் குடங்கள் முன்னைவிட மரியாதையாக விலகின. பால்காரம்மா இன்னும் உயரத் தூக்கி ஊற்றினார். அலமேலுவின் குடம் மட்டும் விலகாமல் என் குடத்தின் பக்கத்தில் இருக்கும். அவரும் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். இரண்டு குடமும் நிரம்பும்வரை நிற்போம்.

தலைமையாசிரியர் சொன்னபடி சொல்லை மாற்றினேன். வினை எதிர்வினை என்பதைப் பரீட்சைக்காக மட்டும் வைத்துக்கொண்டு, வகுப்பில் ‘தள்ளினால் திருப்பித் தள்ளும்’ என்றே சொன்னேன். நீங்களும் உங்கள் ஊரில் ஒரு சொல்லுக்கு வேறு என்ன பொருள் இருக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பலகையில் எழுதுவது அதற்குப் பிறகு.

ஏணியைச் சாய்த்துப் பார்த்த மறுநாள், திங்கட்கிழமை, வகுப்பில் கேட்டேன், “ஒரு விசை உண்டாகணும்னா என்ன வேணும்?” பொருள்கள் இரண்டு என்பது புத்தகத்தில் உள்ள பதில். தேவகி எழுந்து, “ரெண்டு பேரு வேணும் டீச்சர்” என்றாள். வகுப்பு சிரித்தது. நான் திருத்தவில்லை. உட்காரு என்று மட்டும் சொன்னேன்.

மாலை அறைக்குத் திரும்பினேன். அந்தக் கறுப்புக் கோழியின் கால் கட்டை அவிழ்த்துவிட்டு இரண்டு நாளாகியிருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, வித்தைக்குக் கொடுத்ததை வாங்கக் கூடாது என்று கன்னியம்மா மறுத்துவிட்டார். அறை முழுக்க நடந்துகொண்டிருந்தது. என்னைப் பற்றி எதுவும் கேள்விப்படாத ஒரே உயிர் அந்த ஊரில் அதுதான். ஒருத்திக்கு மட்டும் சோறாக்கினேன். கொஞ்சம் அதற்கும் போட்டேன். வெளியே பம்படியில் பெண்கள் பேசுவது கேட்டது. நான் கதவைத் திறந்தால் நின்றுவிடும் என்பதால் திறக்கவில்லை.

சுவரில் உள்ளங்கையை வைத்தேன். பகலெல்லாம் வெயில் குடித்த சுவர், இளஞ்சூடாக இருந்தது. மெதுவாக அழுத்தினேன். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

தள்ளியது.